பதினோரு படலங்கள்

கும்பகோணம்
3.12.2001

கபீர் அவர்களுக்கு,

கலைமகள் எழுதுகிறேன். எந்தக் கலைமகள் என்று யோசிக்க வேண்டாம், அதே கலைமகள்தான். கிழித்துப் போடுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முகவரியை அய்யம்பேட்டையில் உங்கள் வீட்டில் வாங்கினேன். உங்கள் அம்மா பாதிக் கதவைத் திறந்து யாரென்று கேட்டார்கள். "கூட ஆராய்ச்சி பண்ணினவ" என்றேன். பெயரைச் சொல்லவில்லை. ஒரு பழைய ஏர்மெயில் உறையைக் கொண்டுவந்து, உங்கள் முகவரி இருந்த பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுத்தார்கள். பெயரைச் சொல்லியிருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். இத்தனை நாள் யாரிடமும் வாய்விட்டுக்கூடச் சொன்னதில்லை. 1998 ஜனவரியில், தஞ்சாவூரில் நம் ஆய்வகத்தில், நீங்கள் பதினோரு படலங்கள் போட்டீர்கள். துளைகள் நிறைந்த ஒரு தாளை அமீன் சேர்மம் கரைத்த தண்ணீரில் நனைத்து, மிச்சத் தண்ணீரை ரப்பர் உருளையால் வழித்துவிட்டு, அமிலக் குளோரைடு கலந்த ஹெக்சேனைப் பிப்பெட் குழாயில் வாயால் உறிஞ்சி அதன்மேல் விடவேண்டும். தண்ணீரும் ஹெக்சேனும் ஒன்றோடொன்று சேராது. சேராத அந்த இரண்டும் தொட்டுக்கொள்கிற இடத்தில் மட்டும் ஒரு படலம் பிறக்கும். ஒரு தலைமயிரின் குறுக்கில் அதைப்போல முந்நூறை அடுக்கலாம். உங்கள் பதினொன்றும் உப்புத் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு உப்பை மறித்தன. அதே முறையில், உங்கள் நோட்டைப் பார்த்தே நான் போட்டவை எல்லாம் சல்லடையாக ஒழுகின. ஏப்ரலில் விசாரணைக் குழுவின் முன்னால் நீங்களே போட்டதும் ஒழுகியது. அதற்கு முந்தின வாரம் நான் பேராசிரியர் தியாகேசனுக்கு மூன்று பக்கம் எழுதியிருந்தேன், நீங்கள் எண்களை இட்டுக்கட்டினீர்கள் என்று. உங்களை நீக்கினார்கள். நீங்கள் சவூதிக்குப் போனீர்கள். நான் டாக்டர் கலைமகள் ஆனேன்.

இப்போது இங்கே ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். போன வாரம் செய்முறை வகுப்பில், என்னோடு வேலை பார்க்கும் மெஹராஜ் பேகம் பிப்பெட்டை என் கையில் கொடுத்து, "கலை, எனக்கு நோம்பு. வாய்க்குள்ள ஏதாச்சும் போயிடும். நீங்களே உறிஞ்சிக் காட்டிடுங்க" என்றார். உறிஞ்சினேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து பழைய காலண்டரைத் தேடி எடுத்தேன். 98 ஜனவரி முழுக்க ரம்ஜான்.

ஒரே கேள்வி. அந்த மாதம் நீங்கள் பிப்பெட்டை வாயில் வைத்தீர்களா?

கலைமகள்


ஜுபைல்
22.12.2001

கலைமகள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இனி எங்கள் வீட்டுக்குப் போகாதீர்கள். அம்மா போனில், "யாரோ ஒரு பொண்ணு வந்துச்சு, பேரே சொல்லல, என்ன விஷயம்ப்பா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்கள். நான் என்ன சொல்வது?

நான் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் இருக்கிறேன். வேலை என்னவென்றால், நீளக் குழாய்களுக்குள் படலச் சுருள்களைத் தள்ளுவது, கெட்டுப்போனவற்றை உருவி வெளியே போடுவது. ரப்பர் வளையத்துக்குக் கிளிசரின் தடவித் தடவிக் கைரேகை போய்விட்டது. ஒரு சுருளில் முப்பத்தேழு சதுர மீட்டர் படலம். நாம் உள்ளங்கை அகலத்துக்குப் போட்டு ஒழுகவிட்டோமே, அதே சரக்குதான். எங்கோ ஒரு ஊரில் மெஷின் போடுகிறது. ஒழுகுவதில்லை.

நீங்கள் கேட்டது நினைவில்லை. உண்மையைச் சொன்னால், நான் அந்த எண்களை இட்டுக்கட்டித்தான் எழுதினேன் என்று நானே நம்பத் தொடங்கி மூன்று வருஷமாகிறது. என் கையால் போட்டது என் கண்ணெதிரில், ஆறு பேர் முன்னால் ஒழுகியதே. அதற்குப் பிறகு ஒரு மனிதன் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான்? நம்பிய பிறகு தூக்கம் வந்தது. அதைக் கெடுக்காதீர்கள்.

அஹமது கபீர்


கும்பகோணம்
27.1.2002

கபீர்,

கெடுக்கத்தான் போகிறேன். மன்னிக்கவும்.

நான்கு சனிக்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூர் போனேன். நம் ஆய்வகத்தில் பழைய ஆட்களில் உதவியாளர் ஐயாவு ஒருவர்தான் மிச்சம். "கலையம்மா, அழுத்தம் கொடுக்குற மெஷின் இன்னும் ஓடுது, ஆனா வாஷர் இல்ல" என்றார். வாஷரை சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டோம். அமிலக் குளோரைடு புதிதாக வரவழைத்தேன். பன்னிரண்டு தாள். ஆறுக்கு, உங்கள் நோட்டில் இருக்கிற மாதிரியே பிப்பெட்டில் பத்து மில்லி உறிஞ்சி விட்டேன். ஹெக்சேன் தொண்டை வரை ஏறி, சாயங்காலம் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் மண்ணெண்ணெய் ஏப்பம். மற்ற ஆறுக்கு, நோம்பில் நீங்கள் இப்படித்தான் செய்திருப்பீர்கள் என்ற ஊகத்தில், அளவு ஜாடியில் பத்து மில்லி எடுத்து ஒரே வீச்சில் ஊற்றினேன்.

பிப்பெட் ஆறும் ஒழுகின. ஜாடி ஆறில் ஒன்றை நான் தாளைத் தூக்கும்போது மடக்கிக் கெடுத்தேன். மிச்சம் ஐந்தும் 96, 97, 97, 95, 97. கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு நான் கத்தியதில், ஆசிட் பட்டுவிட்டது என்று ஐயாவு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

இவ்வளவுதான் விஷயம். படலம் நொடிக்குள் பிறந்துவிடுகிறது. பிப்பெட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறபோது, முதலில் விழுந்த இடத்தில் படலம் ஆகிவிடுகிறது, அடுத்து வருவது அதன்மேல் ஏறி ஓரம் சரியாக ஒட்டாமல் நிற்கிறது. ஒரேயடியாக ஊற்றினால் ஒரே படலம். பேராசிரியர் பத்து மில்லி என்றால் பத்து மில்லி, பிப்பெட்டில்தான் என்று அளவிலேயே கண்ணாக இருந்தார். நாமும் இருந்தோம். எப்படி ஊற்றுவது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

இப்போது என் கோபம். கேளுங்கள். நோட்டில் உங்கள் கையெழுத்தில், பதினோரு இடத்தில், "பிப்பெட்டில் 10 மில்லி" என்று இருக்கிறது. ஏன் அப்படி எழுதினீர்கள்? செய்ததை எழுதியிருந்தால் நான் அந்த மூன்று பக்கத்தை எழுதியிருக்க மாட்டேன். நான் உங்கள்மேல் சொன்னது பொய். ஆனால் நோட்டும் பொய். இரண்டையும் சேர்த்து எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறேன். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயமே "இந்த முறையில் இது வராது" என்பதுதான். எழுதினால் அந்த அத்தியாயம் போகும், கூடவே பட்டமும் போகலாம், கல்லூரியில் வேலை நிரந்தரமாவதும் நிற்கலாம். என் வீட்டுக்காரர் செந்தில்குமார், "உன்னை யாரு கேட்டா? இத்தனை வருஷத்துல ஒருத்தராச்சும் கேட்டாங்களா?" என்கிறார். ஒருத்தரும் கேட்கவில்லை. அதுதான் என்னைப் போட்டுப் பிடுங்குகிறது.

கலைமகள்


ஜுபைல்
15.2.2002

கலைமகள்,

96, 97, 97, 95, 97. டியூட்டி உடுப்பைக்கூடக் கழற்றாமல் இதைப் படித்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அறையில் ஏழு பேர். அழுவதற்கு வேறு இடம் கிடையாது.

ஆமாம். ஜாடியில்தான் ஊற்றினேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் கைக்கு ஞாபகம் வந்தது. விடியுமுன் சஹர் சாப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, நீங்களெல்லாம் வருவதற்குள் படலத்தைப் போட்டு முடித்துவிடுவேன். பிப்பெட்டை எடுக்கவே மாட்டேன்.

ஏன் மாற்றி எழுதினேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு முந்தின வருஷ ரம்ஜானில் நான் ரப்பர் பல்பு வைத்து உறிஞ்சினேன். பேராசிரியர் எல்லோர் முன்னாலும், "கபீருக்கு இந்த மாசம் வாய்க்கு லீவு. அப்படியே கெமிஸ்ட்ரிக்கும் லீவு விட்டுடுங்கப்பா" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, தமாஷாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மறு வருஷம் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தேன். பிப்பெட் என்பது ஆய்வகத்தில் வழக்கமாக எழுதுகிற வரி. எழுதினேன்.

ஏப்ரலில் குழு உட்கார்ந்தபோது நோம்பு இல்லை. ஒரு குற்றமும் சொல்ல இடம் கொடுக்கக் கூடாதென்று, நோட்டில் என்ன இருந்ததோ அதை எழுத்துக்கு எழுத்து செய்தேன். வாயில் வைத்து உறிஞ்சி, கோடு பார்த்து, நிதானமாக விட்டேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு ஒழுங்காக நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

உங்கள் கோபத்தைச் சொன்னீர்கள். என்னுடையதையும் கேளுங்கள். மூன்று பக்கத்தில் எனக்கு வலித்தது ஒரே வரி. "பகலில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கினார், படலம் போட்டதை யாரும் பார்த்ததில்லை." நான் நோம்பு என்று உங்களுக்குத் தெரியாதா? அந்த மாதம் முழுக்கச் சாயங்காலமானால் பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் வாங்கிவந்து முதல் தம்ளரை உங்களுக்குத்தான் ஊற்றினேன். "இஞ்சி நல்லா இருக்கு" என்று குடித்தீர்கள். குடித்துவிட்டுத்தான் அந்த வரியை எழுதினீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு எழுத வேண்டாம். எனக்கு அந்தப் பட்டத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இங்கே சுருளைத் தள்ளத் தெரிந்தால் போதும். எனக்கு வேண்டியது வேறு. என் அத்தா லியாகத் அலி, கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்றைக்குப் பேராசிரியரைப் பார்க்கப் போனார். பேராசிரியர் நோட்டை விரித்து, "எழுத்து உங்க மகன் எழுத்துதானே?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டு நின்றபடியே திரும்பி வந்தார். அன்றிலிருந்து என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போனில் மழை பெய்ததா என்று பேசுவோம். அவரிடம் போய்ச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போக வேண்டாம் என்றவன் இப்போது போகச் சொல்கிறேன்.

கபீர்


கும்பகோணம்
18.3.2002

கபீர்,

கஞ்சி குடித்தது மறக்கவில்லை. அந்த வரியை எழுதும்போது நீங்கள் நோம்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன். எழுபது தாள் போட்டு எழுபதும் ஒழுகினவளுக்கு, பக்கத்து மேசைக்காரன் தூங்கி எழுந்து தொண்ணூற்றேழு வாங்குகிறான் என்கிற எரிச்சல். இதைவிடக் கௌரவமான காரணம் எனக்கே வேண்டும்தான். ஆனால் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை பெயரைச் சொன்னேன். உங்கள் அம்மா உள்ளே போய்விட்டார்கள். உங்கள் அத்தா, "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். வாத்தியார் என்பதால் கரும்பலகையில் போடுகிற மாதிரி ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, இது தண்ணீர், இது ஹெக்சேன், இதற்கிடையில் படலம் என்று விளக்கினேன். பிப்பெட் ஆறு, ஜாடி ஆறு. எண்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்தபடி கேட்டார். "அப்ப செஞ்சது ஒண்ணு, எழுதினது ஒண்ணா?"

"ஆமாங்கய்யா."

"நோம்புன்னு எழுத வெக்கப்பட்டானா?"

பேராசிரியர் செய்த கேலியைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "இத்தனை வருஷமா எம்புள்ள பொய்க்கணக்கு எழுதிட்டான்னு நெனச்சேன். அது போச்சு. அல்ஹம்துலில்லாஹ். ஆனா இது எனக்கு அதைவிட வலிக்குதும்மா. முப்பது நாளும் ஒழுங்கா நோம்பு பிடிச்சிருக்கான். அதைத் திருட்டுத்தனம் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கான்." டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை. கிளம்பும்போது, "அந்த நோட்டைத் திருத்தச் சொல்லுங்க" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேண்டாமென்றாலும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வாரமாக அது என் கைப்பையிலேயே கிடக்கிறது. தினமும் தபால்பெட்டியைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன். வேறொன்றும் இல்லை, பயம்தான்.

கலைமகள்


ஜுபைல்
5.4.2002

கலைமகள்,

இரண்டு வெள்ளிக்கிழமை அத்தா போனுக்கு வரவில்லை. அம்மா, "தொழப் போயிருக்காங்க" என்றார்கள். தொழுகை நேரமெல்லாம் எனக்குத் தெரியாதா? மூன்றாம் வெள்ளி வந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "நோட்டைத் திருத்திட்டியா?" என்றார். இல்லை என்றேன். "திருத்திட்டுப் பேசு" என்று வைத்துவிட்டார்.

உட்கார்ந்து எழுதினேன். நான்கு தாள் கிழித்தேன். என்ன எழுதுவதென்று நன்றாகத் தெரியும். ஒரே ஒரு வாக்கியம். அந்த வார்த்தை வரும்போது பேனா நிற்கிறது. குழுவில் உட்காரப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கடைசியில், "1998 ஜனவரியில் செய்த பதினோரு சோதனைகளிலும், சொந்தக் காரணங்களால் பிப்பெட்டுக்குப் பதிலாக அளவு ஜாடியைப் பயன்படுத்தினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இத்துடன் இருக்கிறது. அத்தாவுக்கு இது போதாது என்று தெரியும். எனக்கு இவ்வளவுதான் வருகிறது.

உங்கள் கடிதத்தை அனுப்புவதானால் இதையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கபீர்


கும்பகோணம்
9.9.2002

கபீர்,

ஏப்ரல் கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஏதாவது தெரிந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்ததில் இவ்வளவு நாளாகிவிட்டது.

தெரிந்தது இவ்வளவு. என் பட்டத்தை ஏன் மறுபரிசீலனை செய்யக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கல்லூரியில் என்னை நிரந்தரமாக்கும் கோப்பை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பேராசிரியர் போன் செய்தார். "ஏம்மா, நான் ரிட்டயர்டாகி நிம்மதியா இருக்கேன், என்னைய ஏம்மா இழுக்குற?" என்றார். "நீங்க பிப்பெட்டுல உறிஞ்சச் சொன்னீங்க சார்" என்றேன். போனை வைத்துவிட்டார். செந்தில்குமார் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இப்போது அவரே எனக்கு விளக்கக் கடிதத்தை டைப் அடித்துக் கொடுக்கிறார், முணுமுணுத்துக்கொண்டு. பூதலூரில் குறுவைக்குத் தண்ணீர் வராமல் என் அப்பா வயலைத் தரிசாகப் போட்டுவிட்டார். அங்கே போனால் அந்தப் பேச்சு, இங்கே வந்தால் இந்தப் பேச்சு. மிகவும் களைத்துப்போயிருக்கிறேன். ஆனால் வருத்தமில்லை. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

குழு மறுபடி உட்காரப் போகிறது. நான் போட்டுக் காட்டினால் போதாதாம், நீங்களே உங்கள் கையால் போட வேண்டுமாம். வந்தால் உங்கள் பதினோரு படலங்களையும் ஏற்று, நீக்கிய உத்தரவை ரத்து செய்வது பற்றி முடிவெடுப்பார்கள். வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். உங்கள் தாளின் நகலை எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் "சொந்தக் காரணங்களால்" என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

தேதி நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. மெஹராஜ் பேகம் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அன்றைக்கு நோம்பு பதினொன்றோ பன்னிரண்டோ என்கிறார். அவர்கள் தெரிந்து வைத்திருக்க மாட்டார்கள். டிசம்பருக்குத் தள்ளிவைக்கச் சொல்லி நான் ஒரு கடிதம் எழுதினால் போதும். காரணமெல்லாம் சொல்ல வேண்டாம், விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதிவிடலாம். எழுதட்டுமா?

கலைமகள்


ஜுபைல்
24.9.2002

கலைமகள்,

எழுத வேண்டாம். நவம்பர் 18 இருக்கட்டும். விடுப்பு சொல்லிவிட்டேன், பதினான்காம் தேதி திருச்சியில் இறங்குகிறேன். அத்தாவும் கூட வருகிறேன் என்கிறார். உட்கார அவருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

குழுவுக்கு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அவர்கள் போட்ட கேள்விக்குறிக்குப் பதில். உறையில் போட்டு ஒட்டாமல், அன்றைக்கு வரப்போகிற ஆறு பேரும் முன்கூட்டியே படிக்கிற மாதிரி கொடுத்துவிடுங்கள்.

"1998 ஜனவரியில் எனக்கு நோம்பு. அதனால் பிப்பெட்டை வாயில் வைக்கவில்லை, அளவு ஜாடியிலிருந்து ஊற்றினேன். வருகிற நவம்பர் 18 அன்றும் எனக்கு நோம்பு. அன்றும் அப்படியே ஊற்றுவேன்.
லி. அஹமது கபீர்."